கொறங்காட்டில் இருபது ஆடுகள்: ஒரு மேய்ச்சல் கணக்கு

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்திலும், அதையொட்டிய அரவக்குறிச்சி, க. பரமத்திப் பக்கத்திலும் கொறங்காடு என்றால் தெரியாதவர் இல்லை. பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர் அதைத் தரிசு என்றுதான் நினைப்பார். சரளை மண், ஆங்காங்கே வெள்வேல மரம், இடையில் பழுத்த புல், சுற்றிலும் கிளுவை வேலி. ஆனால் அது புல்லையும் மரத்தையும் வேலியையும் சேர்த்தே வளர்த்து, தலைமுறைகளாக ஆடுமாடு மேய்த்துவரும் சொந்தப் பட்டா நிலம். காங்கேயம் மாடு உருவான மண். எத்தனையோ ஊர்களில் பொது மேய்ச்சல் புறம்போக்கு மொட்டையாகிவிட்டது. கொறங்காட்டில் இன்னும் புல் நிற்கிறது. விதையோ உரமோ அதற்குக் காரணமில்லை. வேலியில் ஒரு படல் இருக்கிறது. அதை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்று முடிவு செய்ய ஓர் ஆள் இருக்கிறார். அவ்வளவுதான்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது பத்து ஏக்கர் கொறங்காடு, வேலியால் பிரித்த நான்கு அடைப்புகள், இருபது தாய்ச் செம்மறி ஆடுகள், ஒரு பொலிகிடா. இது தனி ஒருவரின் காடு அல்ல. சிறு பட்டி என்று இந்தப் பகுதியில் சொல்லக்கூடிய அளவில், கணக்குப் பார்ப்பதற்காக அமைத்துக்கொண்டது. விளைச்சல் எண்களையும் அப்படியே கொள்ள வேண்டும். உங்கள் காட்டில் வெட்டி நிறுத்துப் பார்த்தால் வேறு எண் வரும். கணக்குப் போடும் முறை மாறாது.

மண்ணும் புல்லும்

இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது பெரும்பாலும் காற்றுதான். பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும். சித்திரை, வைகாசியில் கோடை மழை கொஞ்சம் கைகொடுக்கும். ஆக, புல் உண்மையாக வளர்கிற காலம் ஆண்டில் மூன்று மாதம் போல. மற்ற ஒன்பது மாதமும் அந்த மூன்று மாத விளைச்சலைத் தின்று கழிக்கிற காலம். இதை மனதில் வாங்காமல் போடுகிற எந்த மேய்ச்சல் திட்டமும் பங்குனியில் கவிழ்ந்துவிடும்.

முதன்மையான புல் கொழுக்கட்டைப் புல். மழை நின்ற பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறினாலும் நின்றபடியே காய்ந்து தீவனமாகும். அடுத்த மழைக்குத் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே புல் காட்டுத் தீயைப் பரப்பும் களையாகிவிட்டது. அங்கே இதை ஒழிக்கப் பணம் செலவாகிறது, இங்கே விதை வாங்கித் தூவுகிறோம். புல்லோடு நரிப்பயறு போன்ற கொடிகளும் மழைக்குத் தலைகாட்டும். புரதம் அவற்றில்தான் கூடுதல் என்பதால் ஆடு முதலில் அவற்றைத்தான் தேடிப் பிடிக்கும். கொடி இனங்கள் குறைந்துபோன காட்டில் முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியை விதைப்பதும் உண்டு.

கொழுக்கட்டைப் புல்லின் உயிர் வெளியே தெரிகிற தாளில் இல்லை. அடித்தூரிலும் வேரிலும் இருக்கிறது. மேய்ந்து முடித்தபின் புதுத் துளிர் விட வேண்டிய சத்தைப் புல் அங்கேதான் சேர்த்து வைத்திருக்கும். துளிர் வந்ததும் மறுபடி கடிபட்டால் சேமிப்பிலிருந்து எடுக்கும். மூன்று, நான்கு முறை அப்படி நடந்தால் தூர் சுருங்கிச் செத்துவிடும். மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்குகிறது. அதனால் கொஞ்சம் உயரத்திலேயே விட்டுவிடும். செம்மறிக்கு மேலுதடு பிளவுபட்டது. தரையோடு தரையாகக் கடிக்க முடியும். அடைப்பில் பிடித்த செடி எது என்று தெரிந்துகொண்டால் பிடிக்காததை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்பத் தேடி வரும். "ஆடு மேய்ந்த காடு உருப்படாது" என்கிற பேச்சு இதை வைத்துத்தான் எழுந்தது. ஆட்டை நாள்கணக்கின்றி ஒரே இடத்தில் விட்ட ஆளுக்குப் போக வேண்டிய பழி அது.

இருபது ஆட்டுக்கு எவ்வளவு புல்?

இங்கே பெரும்பாலும் இருப்பது மேச்சேரி ஆடு. மயிலம்பாடி ஆடு என்றும் சொல்வார்கள். கம்பளி இல்லாத கறி இனம், தோலுக்கும் பேர்பெற்றது. இதற்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாய் ஆடு ஒன்று 25 கிலோ, கிடா 35 கிலோ என்று கொள்வோம். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்தீவனம் ஒரு நாளைக்குத் தேவை. தாய் ஆட்டுக்கு முக்கால் கிலோ, கிடாவுக்கு ஒரு கிலோ. மொத்தம் 16 கிலோ. வளரும் குட்டிகளுக்கு ஆண்டுச் சராசரியாக 4 கிலோ சேர்த்தால் நாளொன்றுக்கு 20 கிலோ. ஆண்டுக்கு 7,300 கிலோ.

ஓரளவு மழை பெய்த ஆண்டில் ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல் என்று வைத்தால், பத்து ஏக்கரில் 10 டன். அத்தனையும் ஆட்டுக்கு என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. பாதியை நிலத்திலேயே விட வேண்டும். தூர் பிழைக்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஆடிக் காற்று இன்னொரு காரணம். கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற இந்த மேட்டாங்காட்டில் மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பது நின்று காய்ந்த அந்தப் பாதிப் புல்தான். அதையும் சுரண்டிவிட்டால் அடுத்த மழைநீர் இறங்காமல் ஓடிவிடும். ஆக, ஆட்டுக்குக் கிடைப்பது 5,000 கிலோ, அதாவது 250 நாள் தீவனம். மீதி 115 நாளுக்கு 2,300 கிலோ வெளியிலிருந்து வர வேண்டும். மானாவாரியில் விதைத்த சோளத்தட்டு, கடலைக்கொடி, கொள்ளுப் பொட்டு (காய்த்தோல்), கோடையில் உதிரும் வெள்வேலங்காய் எல்லாம் இந்த இடைவெளியைத்தான் அடைக்கின்றன.

சோளத்தட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நன்றாகக் காய்ந்த தட்டில் பிரச்சினை இல்லை. அறுத்த தாளிலிருந்து கிளம்பும் மறுதாம்புக் குருத்தும், மழையில்லாமல் வாடி நிற்கும் இளம்பயிரும் நஞ்சு. அதில் உண்டாகும் சயனைடு சில நிமிடங்களில் ஆட்டைச் சாய்த்துவிடும். அறுவடைக்குப் பின் ஒரு தூறல் விழுந்து பச்சை தட்டுகிற சோளக்காட்டில் பசித்த ஆட்டைத் திறந்துவிடவே கூடாது.

தையில் ஒரு நாள்

ஆண்டுக் கணக்கு வழிகாட்டும், ஆனால் முடிவெடுக்க உதவாது. முடிவெடுக்க வேண்டிய நாள் தை மாதத்தில் இருக்கிறது. அதற்குள் மழை முடிந்திருக்கும், புல் வளர்ச்சி நின்றிருக்கும். காட்டில் இருப்பதுதான் கையிருப்பு. வைகாசி வரை இனி ஒரு தாள்கூட கூடப்போவதில்லை என்று எண்ணிக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். நான்கு குச்சியை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் கட்டி, ஒவ்வோர் அடைப்பிலும் நல்ல இடம், சுமாரான இடம், மோசமான இடம் என்று பார்த்துப் போட்டு, உள்ளே இருக்கிற புல்லை அறுத்து, வெயிலில் முறுக்கக் காயவைத்து நிறுக்க வேண்டும். நல்ல இடத்தில் மட்டும் அறுத்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு.

சராசரி 100 கிராம் வந்தால், ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர் என்பதால் ஏறத்தாழ 405 கிலோ. பத்து ஏக்கரில் 4,050 கிலோ, பாதி 2,025 கிலோ. தைப் பொங்கலிலிருந்து வைகாசித் தொடக்கம் வரை 120 நாள். நாளொன்றுக்குக் கிடைப்பது 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெரிய ஆடுகளுக்கு 16 கிலோ போய்விடும். எனவே விற்கக்கூடிய கிடாய்க்குட்டிகள் இந்த மாதமே கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். பொங்கலையொட்டிக் கறிக்குக் கிராக்கி இருப்பதால் அதில் நட்டமும் இல்லை.

சராசரி 60 கிராம்தான் என்றால் கிடைப்பது நாளுக்கு 10 கிலோ. கிடாவுக்கு ஒரு கிலோ ஒதுக்கினால் பன்னிரண்டு தாய் ஆடுகளுக்குத்தான் காணும். எட்டு ஆடுகளைக் கழிக்க வேண்டும், அல்லது எட்டு ஆட்டுத் தீவனத்தை விலைகொடுத்து வாங்க வேண்டும். பல் விழுந்தவை, இரண்டு பருவம் சினை பிடிக்காதவை, மடி கெட்டவை முதலில் போகட்டும். இளம் மறிகளை (பெண் குட்டிகளை) விற்றுவிட்டுக் கிழட்டு ஆடுகளை வைத்துக்கொள்வது, இன்றைய விலைக்காக நாளைய பட்டியை விற்பதுதான்.

திறப்பதும் சாத்துவதும்

முதல் நல்ல மழைக்குப் பின் வரும் இரண்டு, மூன்று வாரம்தான் ஆண்டிலேயே மிகவும் சோதனையான காலம். காடு பச்சை தட்டும், ஆடு படலுக்கு வெளியே நின்று கத்தும், மனம் இளகிவிடும். அந்தத் துளிர் பழைய சேமிப்பில் வந்தது, இன்னும் எதையும் திருப்பிச் செலுத்தவில்லை. அந்த நாட்களில் எல்லா ஆட்டையும் ஒரே அடைப்பில் நிறுத்திக் காய்ந்த தட்டைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த ஓர் அடைப்பு அடிவாங்கும், மற்ற மூன்றும் பிழைக்கும். அடுத்த ஆண்டு வேறோர் அடைப்பை இதற்கு ஒதுக்கலாம்.

புல் ஒரு சாண் உயரம் வந்ததும் ஆட்டை உள்ளே விடலாம். நான்கு விரற்கடை மிச்சமிருக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து மாற்றுவதைவிட இந்த அளவைப் பார்த்து மாற்றுவது நல்லது, ஏனென்றால் கார்த்திகையில் பத்து நாளில் வருகிற வளர்ச்சி மாசியில் வரவே வராது.

ஆண்டுக்கு ஓர் அடைப்பை முதல் மழையிலிருந்து விதை உதிரும் வரை மூடி வைக்க வேண்டும். நான்கு ஆண்டில் காடு முழுவதும் ஒரு சுற்று விதை விழுந்துவிடும். விதை விழுந்தபின் ஆட்டை விட்டால் குளம்பு மிதித்தே விதை மண்ணில் பதியும். தூர் கிழடாகி மண் இறுகிப்போன அடைப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடை மழையில் உழுது, சோளமோ கொள்ளோ ஒரு பட்டம் விதைத்து எடுத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவது இங்கே பழைய வழக்கம்.

மாடும் இருந்தால் மாடு முன்னால், ஆடு பின்னால். உயரமான முரட்டுத் தாளை மாடு எடுத்துவிடும், கீழ்ப்புல் ஆட்டுக்கு எட்டும். ஆட்டுக் குடற்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் சரியாகப் பிழைப்பதில்லை என்பது கூடுதல் லாபம்.

புழுக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் காட்டில் மேய்ந்து இரவு முழுவதும் வீட்டோரப் பட்டியில் அடைந்தால், காட்டின் சத்தில் பெரும்பங்கு பட்டிக்கு வந்து சேர்ந்துவிடும். அதை எருவாக விற்றால் காடு ஆண்டுதோறும் மெலியும். தட்டிகளைத் தூக்கி வைத்துப் பட்டியை மோசமான இடங்களுக்கு மாற்றிக்கொண்டே போனால், வண்டி வாடகை இல்லாமல் எரு அங்கேயே விழும். வெள்வேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து வெள்வேலக் கன்றும் முளைக்கும். சீமைக் கருவேலும் இதே வழியில்தான் உள்ளே வருகிறது, ஆகவே முளைப்பதைக் கன்றிலேயே அடையாளம் கண்டு பிடுங்க வேண்டும்.

மழைக்கால வயிறு

கோடையில் கொறங்காடு புழுவுக்குச் சுடுகாடு. வெயிலும் வறட்சியும் புல்லில் ஏறிய இளம்புழுக்களைக் கொன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுவின் முட்டை, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். பனி ஈரத்தில் தாளின் மேல் ஏறி நிற்கும். எனவே பனி காய்ந்தபின் திறப்பது, அடிவரை மேயவிடாமல் எடுப்பது என்ற இரண்டும் புல்லுக்கு மட்டுமின்றி ஆட்டுக்கும் நல்லது.

நான்கு அடைப்பு இங்கே போதாது. வாரம் ஓர் அடைப்பு என்று சுற்றினால், அடைப்பை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே ஆடு தன் புழுவைத் தானே தின்னத் தொடங்கிவிடும். நான்கு நாளில் மாற்றினாலோ பன்னிரண்டு நாளில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், அதற்குள் புழு சாவதில்லை. 1990-களில் பசிபிக் தீவுகளில் வெள்ளாடுகளை வைத்துச் செய்த ஆய்வு பத்துத் துண்டுகள், துண்டுக்கு மூன்றரை நாள் என்ற சுற்றில் புழுச்சுமை வெகுவாகக் குறைவதைக் காட்டியது. எப்போதும் ஈரமான அந்தத் தீவிலேயே ஒரு மாத ஓய்வு பலன் தந்தது. நம் பத்து ஏக்கரில் தூக்கி வைக்கும் வலையால் ஒவ்வோர் அடைப்பையும் இரண்டாக்கினால் எட்டுத் துண்டு. விதைக்கு மூடியதைக் கழித்தால் ஆறு. ஐந்து நாள் வீதம் சுற்றினால் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து நாள் ஓய்வு. மழைக்கால மூன்று மாதத்துக்கு மட்டும் இந்தச் சிரமம் போதும். மாசியில் வலையைச் சுருட்டி வைத்துவிடலாம்.

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றுவது பணத்துக்கும் கேடு, மருந்துக்கும் கேடு. புழு மருந்துக்குப் பழகிவிடும். கீழ் இமையை விரித்துப் பார்த்து, சிவப்பு மங்கி வெளுத்திருக்கிற ஆட்டுக்கு மட்டும் கொடுப்பது நல்ல முறை. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இதைத்தான் ஐந்து நிறப்படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. தாடை வீக்கம் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். காய்ந்த தீவனத்திலிருந்து திடீரென்று பசும்புல்லுக்கு மாறும்போது துள்ளுமாரி என்ற குடல் நஞ்சு நோய் வரும், கொழுத்த குட்டிதான் முதலில் போகும். அதற்கான தடுப்பூசி மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சியால் பரவும் நீலநாக்கு நோயும் இதே பருவத்துக்காரன்.

2016 சொன்னது

2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது; 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர். 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. தேதியைக் கவனியுங்கள்: தைப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு. சதுரம் போட்டு அறுத்துப் பார்க்கிற ஆள் அரசாணையை எதிர்பார்க்க வேண்டியிருந்திருக்காது. மார்கழியிலேயே காட்டில் விடை நின்றிருக்கும்.

நம் பத்து ஏக்கரை அந்த ஆண்டில் வைத்துப் பார்ப்போம். விளைச்சல் பாதியாகக் குறைந்தது என்று தாராளமாகவே கொண்டாலும், ஆட்டுக்குக் கிடைப்பது 2,500 கிலோ, 125 நாள் தீவனம். இருபது ஆட்டையும் வைத்திருப்பவருக்கு 240 நாளுக்கு, அதாவது 4,800 கிலோவுக்குத் தட்டு வேண்டும். எல்லோரும் தேடுகிற ஆண்டில் தட்டு விலை சொல்ல வேண்டியதில்லை. விற்பதைத் தள்ளிப்போட்டுச் சித்திரையில் இளைத்த ஆட்டோடு சந்தைக்குப் போனால், அங்கே எல்லோருடைய இளைத்த ஆடும் நிற்கும். அதற்குள் பாதியாக விட்டு வைக்க வேண்டிய புல்லும் போயிருக்கும், 2017-ல் மழை வந்தாலும் முளைக்கத் தூர் இருக்காது. ஒரு வறட்சியின் விலையை இரண்டு ஆண்டு கொடுக்க நேர்வது இப்படித்தான்.

நாய்

கொறங்காட்டின் பெரிய வசதி, மேய்க்க ஆள் தேவையில்லை என்பது. கிளுவை வேலிக்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டு மற்ற வேலைக்குப் போகலாம். தெருநாய்க் கூட்டம் இதன் அடிமடியிலேயே கைவைத்துவிட்டது. 2024, 2025-ல் காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் நாய்கள் கடித்து ஆடுகள் கொத்துக்கொத்தாகச் சாக, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். செத்த ஆட்டுக்கு இழப்பீடு வரலாம். மேய்ச்சல் முறைக்கு ஏற்படுகிற சேதத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். பயத்தில் வீட்டுக்குப் பக்கத்து அடைப்பிலேயே ஆட்டை வைத்துக்கொண்டால், அது தரைமட்டமாகும். தொலைவு அடைப்பில் புல் முற்றி முரடாகிச் சத்திழக்கும். சுழற்சி அறுந்தபின் நான்கு அடைப்பு இருந்தும் ஓர் அடைப்பு இருந்ததற்குச் சமம்.

பத்து ஏக்கரைச் சுற்றிலும் கம்பி வலை அடிப்பது இருபது ஆட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. கிளுவை வேலியின் அடிப்பகுதிதான் பலவீனம்: மேலே அடர்ந்திருக்கும், கீழே நாய் நுழையும் சந்து இருக்கும். உயரத்தைக் குறைத்து வெட்டிவிட்டால் அடியில் கிளைக்கும். சந்துகளில் புதுப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டு, அது வேர்பிடிக்கும்வரை வேலமுள்ளை வெட்டி அடைக்கலாம். இரவுப் பட்டிக்கு மட்டும் கம்பி வலைச் சட்டம் வாங்குவது தாங்கக்கூடிய செலவு. பகலுக்கு, பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆளை வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படிச் செய்யும்போதும் மந்தைகளைக் கலக்கவிடாமல் அவரவர் அடைப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

குத்தகை

இனி வருவது மேய்ச்சலைவிடக் காகிதம் சார்ந்த விஷயம், ஆனால் புல்லை அதிகம் கெடுப்பது இதுதான் என்பது என் கணிப்பு. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட வீடுகளில் கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஓராண்டுக் குத்தகைக்காரர் பாதிப் புல்லை எதற்காக விட்டு வைக்க வேண்டும்? விட்டால் அடுத்த ஆள் மேய்ப்பார். விதைக்கு ஓர் அடைப்பை மூடி வைத்தால் அவருக்குக் கால்வாசிக் காடு நட்டம். வேலியில் உள்ள சந்துகளை அடைத்தால் கூலி அவருடையது, பலன் இன்னொருவருடையது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தம் அப்படி இருக்கிறது.

குறைந்தது நான்கு ஆண்டுக்குக் குத்தகை எழுதினால் விதைச் சுற்று ஒருமுறை முழுதாக முடியும். ஆட்டு எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் நிரந்தரமாகக் குறிப்பதைவிட, தையில் இருவரும் சேர்ந்து சதுரம் போட்டு அறுத்துப் பார்த்து அந்த ஆண்டு எண்ணிக்கையை முடிவு செய்வது என்று எழுதலாம். மழை தவறிய ஆண்டில் ஆட்டைக் குறைத்தால் குத்தகைத் தொகையும் அதே விகிதத்தில் குறையும் என்று ஒரு வரி சேர்த்தால், குறைக்கிறவருக்கு இரட்டை நட்டம் வராது. மூடிய அடைப்புக்குக் குத்தகை கிடையாது என்பது இன்னொரு வரி. வேலி வேலையைப் பொறுத்தவரை, கிளுவைப் போத்தை நில உரிமையாளர் தரட்டும், நடுகிற கூலியைக் குத்தகைக்காரர் ஏற்கட்டும். நட்டதில் எத்தனை பிழைத்தது என்பதை அடுத்த தையில் புல் அறுக்கிற அன்றே எண்ணிக்கொள்ளலாம்.